மதுரா என்னும் முன்னொட்டு: ஓர் ஆய்வு

ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் ‘மதுரை’யை ஒட்டிவிட்டால் அதற்குத் தனி மவுசு வந்துவிடுகிறது. சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மல்லிக்கு 2013-இல். எந்த ஊரில் பரோட்டாக்கடை திறந்தாலும் போர்டில் மதுரையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வழக்கம் புதிதல்ல. சங்கப் புலவர் வரிசையில் இளவேட்டனார் ‘மதுரை அறுவை வாணிகன்’, சாத்தனார் ‘மதுரைக் கூலவாணிகன்’. (அறுவை என்றால் அங்கே துணி. இளவேட்டனார் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தார் என்று யாராவது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வந்தால், நெறியாளர் கனிவோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும்.)

ஆனால் இந்த ஆய்வின் களம் பூக்கடையோ ஜவுளிக்கடையோ அல்ல, மருத்துவ அகராதி. அதில் ‘மதுரா’ என்று தொடங்கும் பக்கத்தைப் பிரித்தால் உள்ளூர்க்காரருக்குத் தூக்கிவாரிப்போடும். மதுரெல்லா, மதுரோமைக்கோசிஸ், மதுரோஸ், மதுராமைசின், மதுரோபெப்டின், மதுராஸ்டாடின். ஒரே வளவில் குடியிருக்கும் அக்கா தங்கைகள் போல வரிசையாக நிற்கின்றன. இத்தனைக்கும் மூலம் ஒரு பாதம்.

‘மதுரா’ என்பது வெள்ளைக்காரர்கள் மதுரைக்கு எழுதிய எழுத்துக்கூட்டல். ஊர்ப்பலகைகளிலிருந்து அது என்றோ இறங்கிவிட்டது. மதுரா கோட்ஸ் ஆலை போன்ற சில பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாவாவுக்குப் பக்கத்தில் மதுரா என்றொரு தீவும் உண்டு. அந்தத் தீவு உரிமை கோரி வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஏனெனில் நம்மிடம் ஆவணம் இருக்கிறது. 1842-இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், இங்கே கண்ட ஒரு பாத நோயைப் பற்றி எழுதினார். 1846-இல் கோல்புரூக் என்பவர் அதை ‘மதுரா பாதம்’ என்றே குறித்தார். பெயர் அதோடு நிலைத்துவிட்டது.

ஆனைக்காலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனைக்கால் கொசு கொண்டுவருவது. இது முள் கொண்டுவருவது. வெறுங்காலோடு வரப்பில் நடப்பவர், கண்மாய்க்குள் ஆடு மேய்ப்பவர், வேலி வெட்டுபவர் காலில் முள் தைக்கிறது. முள்ளோடு மண்ணிலுள்ள கிருமியும் உள்ளே போகிறது. முள்ளைப் பிடுங்கி எறிந்தவர் அதை மறந்தும்விடுகிறார். மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து அந்த இடத்தில் ஒரு தடிப்பு எழும்புகிறது. பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததுதான் வில்லங்கம், வலிக்காத காலுக்காக ஒருநாள் கூலியை விட யாருக்கு மனம் வரும்? பாதம் மெல்ல வீங்குகிறது, தோலில் துளைகள் விழுகின்றன, உள்ளே எலும்புவரை புரையோடுகிறது. (இன்று மதுரைச் சீமையில் முள் என்றாலே சீமைக்கருவேலம்தான் நினைவுக்கு வரும். கில் எழுதிய காலத்தில் அது இந்தியாவுக்கே வந்திருக்கவில்லை. 1870களில்தான் விதை வந்தது. இந்த வழக்கில் குற்றவாளிகளை நாட்டு முட்களுக்குள்தான் தேட வேண்டும்.)

துளைகளில் கசியும் நீரில்தான் நோயின் முத்திரை இருக்கிறது: குருணை. அரிசிக்குருணையைவிடப் பொடியாகவும் இருக்கலாம், கடுகளவும் இருக்கலாம். ஒவ்வொரு குருணையும் கிருமிகள் கூட்டமாகக் கட்டிக்கொண்ட ஒரு கோட்டை. ஆய்வுக்கூடத்தில் அதைக் கழுவி, இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். நிறம் முதல் துப்பு. கறுப்பு என்றால் பூஞ்சையாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளையும் மஞ்சளும் இரண்டு கட்சிக்கும் போகக்கூடியவை. நுண்ணோக்கியைக் கேட்காமல் தீர்ப்பு எழுத முடியாது. கூலவாணிகன் சாத்தனாரிடம் கொடுத்திருந்தால்கூட தரம் பிரிக்கத் திணறியிருப்பார்.

1860-இல் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், இது பூஞ்சையால் வருவது என்று கண்டு, ‘மைசீட்டோமா’ என்று பெயர் வைத்தார். உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் சுமக்கும் ‘கிரேயின் உடற்கூறியல்’ நூலின் 1858-ஆம் ஆண்டு முதற்பதிப்புக்குப் படம் வரைந்தவர் இவர்தான். புத்தகத்துக்குக் கிரே பெயர் வந்தது, நோய்க்கு மதுரை பெயர் வந்தது. கார்ட்டருக்குக் கடைசியில் ஒன்றும் தேறவில்லை.

அவர் சொன்னதில் பாதிதான் சரி என்பது பின்னால் தெரிந்தது. 1894-இல் அல்ஜியர்ஸில் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதே நோயிலிருந்து வேறொரு கிருமியைப் பிரித்தெடுத்து, அதற்கு ‘மதுரே’ என்று பெயரிட்டார். அது பூஞ்சை அல்ல, பாக்டீரியா. 1905-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், எமில் புரூம்ப்ட், கறுப்புக் குருணைப் பூஞ்சைக்கு ‘மதுரெல்லா’ என்று பேரினம் வகுத்தார். 1970-இல் அமெரிக்காவின் லெஷவாலியே தம்பதி, வின்சென்டின் பாக்டீரியாவைத் தனிப் பேரினமாக்கி ‘ஆக்டினோமதுரா’ என்றார்கள். ஆகவே அதன் முழுப்பெயர் ஆக்டினோமதுரா மதுரே. இனிஷியலும் மதுரை, ஊரும் மதுரை.

இங்கேதான் இந்த முன்னொட்டின் மீது ஆய்வுக்குழு கடுமையான ஆட்சேபத்தைப் பதிவு செய்கிறது. மதுரெல்லா பூஞ்சை, மதுரே பாக்டீரியா. முன்னதற்கு இட்ராகொனசோல் போன்ற பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் கொடுத்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் செய்ய வேண்டும். பின்னதற்கு கோ-ட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள். ஒன்றின் மருந்து மற்றதைத் தொடாது. ‘மதுரா பாதம்’ என்று சீட்டில் எழுதினால் மருந்துக்கடைக்காரருக்கு அதில் பாதித் தகவல்கூட இல்லை.

அடுத்து, இனிப்பு. ஆக்டினோமதுரா பேரினத்தை அடையாளம் காண வேதியியலாளர்கள் அதன் உயிரணுவில் ஒரு சர்க்கரையைத் தேடுகிறார்கள். அதன் பெயர் மதுரோஸ். மதுரம் என்றால் இனிமை, ஆகவே மதுரோஸ் என்று தமிழாசிரியர் யாரும் பாய வேண்டாம். சர்க்கரைக்குப் பெயர் கிருமியிலிருந்து வந்தது, கிருமிக்குப் பாதத்திலிருந்து. ஜிகர்தண்டாவில் இது சேர்வதில்லை.

மதுரோபெப்டினும் மதுராஸ்டாடினும் மதுரே பாக்டீரியா சுரப்பவை. முன்னது புற்று உயிரணுக்களைக் கொல்லும் வகையைச் சேர்ந்தது. பின்னது இரும்புச்சத்தைப் பற்றி இழுப்பது. மதுராமைசின் கதைதான் சுவாரசியம். அது வேறு ஆக்டினோமதுரா இனங்களிலிருந்து வருவது. அவற்றில் ஒன்றின் பெயரிலேயே அமெரிக்காவின் யூமா என்ற ஊர் இருக்கிறது. கோழிகளுக்கு வரும் ரத்தக்கழிச்சலைத் தடுக்க ஒரு டன் தீவனத்துக்கு 5 கிராம் கலக்கிறார்கள். அளவு மிஞ்சினால் கோழிக்கே ஆபத்து. பிராய்லர் பண்ணைக்காரர்களிடம் இந்தப் பெயர் செல்லுபடியாகும். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் சொன்னால் ஏதோ மில் என்று நினைப்பார்கள்.

சான்றுகளைத் தொகுத்தால் ஒரு விதி புலப்படுகிறது: அறிவியலில் ‘மதுரா’ ஒட்டிய பொருள் மதுரையைப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாக்டீரியா அல்ஜியர்ஸில் பிடிபட்டது, சர்க்கரையும் மருந்துகளும் வெளிநாட்டு ஆய்வகங்களில். நோயேகூட இன்று அதிகம் வாட்டுவது சூடானை. அங்கே கார்ட்டூமில் 1991 முதல் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்கிவந்தது. சூடான் கிராமத்துக்காரர் காலிலும் கருவேல இனத்து முள்தான் தைக்கிறது. அவர் நோயின் பெயரில் உள்ள ஊர் எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2010-இல் ஒரு நொதிக்குப் புதுடெல்லியின் பெயரை வைத்த செய்தி பரவியபோது இந்தியாவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2015-இல் உலக சுகாதார நிறுவனமே, புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. மதுரைக்கு அது 169 ஆண்டுகள் தாமதம். பழைய பெயர்கள் மாறுவதாகவும் இல்லை; நுண்ணுயிர்களுக்கு வைத்த பெயரை நகரசபைத் தீர்மானம் போட்டு நீக்க வழியில்லை. ஆய்வுக்குழுவுக்கு இதில் பெரிய வருத்தமும் இல்லை. 2016-இல் அந்த நிறுவனம் மைசீட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பெயருக்காகச் சண்டை போடுவதைவிட அந்தப் பட்டியலைப் பார்த்து மருந்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிச் சண்டை போடலாம்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். காட்டு வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் காலில் வலிக்காத தடிப்பு உண்டா என்று ஒருமுறை பாருங்கள். கசிவு இருந்தால் கட்டுத்துணியை எறிந்துவிடாமல் அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குக் கையோடு கொண்டுபோங்கள். துணியில் ஒட்டிய குருணை கறுப்பா, வெள்ளையா, சிவப்பா என்பது மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டும்.