ஜித்ராத் தடவியல்: வைகறை ஓட்டமும் கைப்பேசிப் பாதையும்

'தடம்', 'இயல்' இரண்டும் புணர்ந்து 'தடவியல்' ஆயிற்று. ஓடும் தடத்தை ஆராயும் துறை என்பது பொருள். இருட்டில் தடவித் தடவி ஓடுவதை ஆராயும் துறை என்று பொருள் சொல்வாரும் உளர். ஆய்வாளருக்கு (இனி, நான்) இரண்டும் உடன்பாடே.

களம்: கெடா மாநிலம், குபாங் பாசு மாவட்டம், ஜித்ரா. கருவிகள்: ஓடுகாலணி ஒரு சோடி, கைப்பேசி ஒன்று, அதில் ஓட்டப்பாதை வரைந்து தரும் செயலிகள் நான்கு, என் இடது முழங்கால். நிதி உதவியவர் என் மனைவி. உதவியது அவருக்கு இன்னும் தெரியாது.

ஆய்வுச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவன் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிக்க வேண்டும், போன வழியே திரும்பக் கூடாது. செயலியில் விரலால் ஒரு வட்டம் போட்டால் அரை நிமிடத்தில் பாதை வந்துவிடுகிறது. தூரம், ஏற்ற இறக்கம், ஆகும் நேரம், கரையும் கலோரி எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. அந்தப் பாதையில் மனிதன் ஓட முடியுமா என்பது ஒன்றுதான் வருவதில்லை. முதல் மாதம் நான் வரைந்த பாதைகள் 38. ஓடியவை 4. மற்ற நாட்களில் வரைந்த களைப்பு.

முதல் இயல்: திணை

தமிழில் நிலத்தை ஆராய்பவன் திணையைத் தொடாமல் போக முடியாது. போனால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். ஜித்ரா மருதம். முடா நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் பாய்ந்து ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளையும் நிலம். திட்டத்தை நடத்தும் மாடா வாரியம் அதை நான்கு வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது, அதில் ஒன்றுக்கு ஜித்ராவின் பெயர்தான். இனிப் பொருத்திப் பாருங்கள். மருதத்தின் சிறுபொழுது வைகறை. ஓடுகிறவன் எழுந்திருக்கும் பொழுதும் அதுதான். மருதத்தின் விலங்கு எருமையும் நீர்நாயும். எருமையை வயலோரம் மூன்று முறை கண்டேன். நீர்நாயைக் காணவில்லை, நீர் இல்லாத நாயை முனைக்கு முனை கண்டேன். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஐந்தரைக்கு அலாரம் அலறும் வீட்டில் அது எப்படி நிறைவேறுகிறது என்று மணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வைகறை பற்றி ஒரு குறிப்பு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளினார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. சூரியனுக்கு அந்தச் சுற்றறிக்கை போகவில்லை. ஆகவே ஜித்ராவில் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் பொழுது புலர்கிறது. பயிற்சித் திட்டங்களை எழுதுகிறவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். 'காலை 6 மணி, மெல்லோட்டம், இயற்கையை ரசிக்கவும்' என்கிறது செயலி. அந்நேரத்தில் இங்கே ரசிக்கக் கிடைப்பது மோட்டார் சைக்கிள் விளக்கும் கொசுவும்.

இந்த இயலில் ஒரு பெருஞ்சிக்கல் ரப்பர். அதற்குத் திணை இல்லை. தொல்காப்பியர் மேல் குற்றம் சொல்ல முடியாது. 1876இல்தான் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், அடுத்த ஆண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. என் முடிபு: கித்தாக்காடு, அதாவது ரப்பர்த் தோட்டம், முல்லையே. காடு சார்ந்த இடம். அங்கே ஆயர் மாட்டில் பால் கறந்தார்கள், இங்கே நம்மவர்கள் மரத்தில் கறந்தார்கள். முல்லைக்குப் பெரும்பொழுது கார்காலம், உரிப்பொருள் இருத்தல். மழை பெய்து பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. லயத்தில் சும்மா இருத்தல்தான், கூலியும் இல்லை. இவ்வளவு கச்சிதமாக ஒரு திணை பொருந்தி வருவது அபூர்வம். யாரேனும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் இயல்: முன்னோடிகள்

கெடாவில் நெடும்பாதை வரைந்த முன்னோடி மந்திரி புசார் வான் முகமது சமான். அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே குருண் வரை, சுமார் 35 கிலோமீட்டர் வாய்க்கால். 1885இல் தொடங்கிப் பத்தாண்டு வெட்டினார்கள். இரவில் தீவட்டிகளை நட்டு, ஜெராய் மலையைக் குறிவைத்து நேர்கோடு பிடித்தார்கள் என்று இங்கே சொல்வார்கள். இன்றும் வரைபடத்தில் பாருங்கள், அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல இருக்கும். என் செயலி பக்கத்துக் குடியிருப்புத் தாமானுக்குப் போட்ட பாதை அதைவிடக் கோணல்.

அடுத்த முன்னோடிகள் 1938இல் கோலாலம்பூரில் கிளம்பிய ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ். கிஸ்பர்ட் என்ற வெள்ளைக்காரர் நண்பர்களோடு தொடங்கியது. ஒருவர் முன்னால் போய்க் கித்தாக்காட்டுக்குள் காகிதத் துண்டுகளைத் தூவிவிட்டு வருவார். மற்றவர்கள் அதைத் தேடி ஓட வேண்டும். இடையிடையே வேண்டுமென்றே பொய்த்தடமும் போட்டுவைப்பார்கள். ஓட்டத்தின் முடிவில் பீர். பிற்காலத்தில் சங்கமாகப் பதிவு செய்தபோது, நல்ல தாகத்தை வரவழைத்துப் பீரால் தணிப்பதையும் நோக்கங்களில் ஒன்றாக எழுதினார்கள். இந்த நேர்மை எந்தச் செயலியிலும் இல்லை. பொய்த்தடம் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஓட்டம் என்ற சொல்லுக்கு ஜித்ராவில் வேறொரு வரலாறும் உண்டு. 1941 டிசம்பரில் பதினோராவது இந்தியக் காலாட்படைப் பிரிவு இங்கே அரண் அமைத்து நின்றது. பருவமழையில் பதுங்குகுழிகளெல்லாம் தண்ணீர். வடக்கிலிருந்து பெருஞ்சாலையில் ஜப்பானிய டாங்கிகள். 12ஆம் தேதி இரவே பின்வாங்கச் சொல்லி ஆணை. அந்தச் சண்டையின் இருட்டிலும் சேற்றிலும் படையைப் பிரிந்துபோனவர்களில் கேப்டன் மோகன் சிங் ஒருவர். அடுத்த சில நாட்களில் ஜப்பானியரோடு பேசி, அலோர் ஸ்டாரில் இந்திய தேசிய இராணுவத்துக்கு விதை போட்டவர் அவர்தான். பஞ்சாபிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த பையன்கள், பெயர் தெரியாத வயலில், வரைபடம் இல்லாமல் ஓடிய இரவு அது. இங்கே பகடியைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன்.

செயலி இல்லாமல் ஓடியவர்களை வரிசைப்படுத்தினால் இயல் நீளும். டாக்டர் மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். 2017 வரை மலேசியாவில் அதை யாரும் முறியடிக்கவில்லை. ஜி. சரவணன் 1998 காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடந்தே தங்கம் வாங்கினார். இவர்கள் காலத்தில் கையில் இருந்தது வெறும் கடிகாரம்.

மூன்றாம் இயல்: நாய்

இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி. செயலி நம்மை எப்படிக் காண்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டரில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரக் குறிப்பை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி குறைந்தது நான்கின் குரலையாவது கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்கிட்டு, 'நீ இங்கே நிற்கிறாய்' என்று ஒரு புள்ளி வைக்கிறது. புள்ளிகளைச் சேர்த்தால் பாதை. கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மரம் அடர்ந்த இடத்தில் குரல் மங்கும், புள்ளி தள்ளாடும். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழையான கணக்கைக் கொடுத்துவந்தது. நூறு மீட்டர்வரை தவறும். அந்தக் காலமாக இருந்தால் நான் கட்டிலில் படுத்துக்கொண்டே தாமான் முழுக்கச் சுற்றியதாக வந்திருக்கும். நல்ல காலம் ஒன்று கைவிட்டுப் போனது.

ஆக, வானத்திலிருந்து என்னைப் பார்க்க முடிகிறது. நாயைப் பார்க்க முடிவதில்லை. கைப்பேசி வைத்திருந்தால்தான் வரைபடத்தில் இடம். ஆனால் ஜித்ராவில் எந்தத் தெருவில் ஓடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் நாயிடம்தான் இருக்கிறது. கறுப்பு நாயின் ஆட்சி மூன்றாவது விளக்குக்கம்பத்தோடு முடியும். அதற்கு அப்பால் செம்பனைக்காட்டு முனை வரை வெள்ளைப்புள்ளி நாய். இரண்டுக்கும் நடுவே பதினைந்து மீட்டர் பொதுநிலம் உண்டு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இந்த எல்லைகள் மாவட்ட அலுவலகத்தின் எந்த ஆவணத்திலும் இல்லை. கண்டுபிடித்தவன் நான். இடது கெண்டைக்காலில் சான்று உள்ளது.

ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைப்புள்ளி என்னைத் துரத்தியது. ஒரு கிலோமீட்டரை 4 நிமிடம் 50 விநாடியில் முடித்தேன். அதுவரை என் வேகம் எட்டு நிமிடம். செயலி திரையில் காகிதப் பூ தூவி, பதக்கம் கொடுத்து, பாராட்டியது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் உடல்திறன் கூடிவிட்டதாக எண்ணி, அடுத்த நான்கு வாரப் பயிற்சியையும் அந்த வேகத்துக்கே மாற்றி எழுதிவிட்டது. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத்துடிப்பு என்று ஒரு பழைய வாய்பாடு. 47 வயதான எனக்கு 173. அந்தக் கணக்கில் நாய் இல்லை. என் பயிற்சியாளர் யார் என்ற கேள்விக்கு இப்போது அறிவியல்பூர்வமான விடை இருக்கிறது. அவர் பிஸ்கட் சாப்பிடுகிறார்.

நாய்க்கு அஞ்சி வயல்பக்கம் பாதை கேட்டேன். பெயர் சொல்ல விரும்பாத செயலி, வாய்க்காலின் குறுக்கே நேர்கோடு போட்டு 'அமைதியான வழி' என்று குறித்தது. அமைதியாகத்தான் இருந்தது, பாலமும் இல்லை. கரையில் நின்று திரையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தபோது, மோட்டாரில் வந்த மலாய்ப் பெரியவர், பாக்சிக் ஒருவர் நிறுத்தி, 'ஜம்பத்தான் தடாக்' என்றார். கெடா மலாயில் பாலம் இல்லை என்று அர்த்தம். 'மேப்பில் இருக்கிறதே' என்று காட்டினேன். அவர் திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்.

எஞ்சியது டாருல் அமான் ஏரிக்கரை. எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். எல்லோரும் ஓடுவதால் செயலி அதையே எல்லோருக்கும் சொல்கிறது. செயலி சொல்வதால் எல்லோரும் ஓடுகிறார்கள். நாலு பேர் போன வழி என்பதைத்தான் இவர்கள் கணிப்பொறியில் ஏற்றியிருக்கிறார்கள். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலியின் உலக வரைபடத்தால் ஒரு களேபரம் நடந்தது: ஓடுகிறவர்களின் தடமெல்லாம் ஒளிக்கோடாகத் தெரிய, பாலைவன இருட்டில் இராணுவ முகாம்களும் பளிச்சென்று தெரிந்துவிட்டன. வீரர்களின் காலை ஓட்டம் காட்டிக்கொடுத்துவிட்டது. அதே போன்ற வரைபடத்தை ஜித்ராப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஏரிக்கரை தீபாவளிபோல் எரிந்தது. என் அம்மா முப்பது வருடம் தினம் நடந்த தோட்டம் கும்மிருட்டு. இருட்டென்றால் அங்கே யாரும் நடக்கவே இல்லை என்று பொருளாம்.

பின்னிணைப்பு: அம்மா

செய்முறைச் சோதனை ஒன்று செய்தேன். அம்மாவுக்கு 74 வயது, பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கோடு வெட்டுக்காட்டுக்குப் போனவர். வெயில் ஏறினால் மங்குக் கிண்ணத்தில் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் எல்லாம் ஓட்டமும் நடையும்தான். ஒரு மரமும் விடுபடாமல், ஒரு மரத்துக்கும் இரண்டு முறை போகாமல், நிரை நிரையாக வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து முடியும் பாதை. ஐந்நூறு மரத்துக்கு அப்படி ஆகக் குறுகிய ஒரு பாதை போடுவது கணிதத்தில் பெயர்போன தலைவலிகளில் ஒன்று. தோட்டத்துக் கங்காணி அதைச் சுருட்டுப் பிடித்துக்கொண்டே போட்டார்.

இப்போது அங்கே கித்தா இல்லை, செம்பனை. கைப்பேசியை அம்மாவின் இடுப்பில் சொருகி, பழைய நிரை வழியே நடந்து காட்டச் சொன்னேன்.

"எதுக்குடா?"

"எவ்வளவு தூரம்னு இது சொல்லும்மா."

"நடக்கிற எனக்குத் தெரியாததா அதுக்குத் தெரியும்?" என்றாலும் கிளம்பிவிட்டார்.

நான் பின்னாலேயே போனேன். பத்தடிக்கு ஒரு தரம் நின்றார், இல்லாத மரத்தருகே. ஒவ்வொரு தடவையும் செயலி, ஓட்டம் தடைபட்டதாக அறிவித்துத் தன் கணக்கை நிறுத்திக்கொண்டது. கையெட்டும் உயரத்தில் ஏதோ பார்த்தார், அடுத்ததற்குப் போனார். செயலி விழித்துக்கொண்டது. மறுபடி நின்றார். செயலியும் நின்றது. நாற்பது நிமிடம் இப்படியே. முடிவில் திரையைப் பார்த்தேன்: தூரம் 0.6 கிலோமீட்டர், சிக்குப்பிடித்த நூல்போல ஒரு கோடு, கீழே 'இந்தப் பயிற்சி மிகக் குறுகியது, நீக்கிவிடலாமா?' என்ற கேள்வி.

படித்துச் சொன்னேன். அம்மா காதில் வாங்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்த வழியே மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"எங்கம்மா போற? முடிஞ்சிருச்சு."

"வெட்டிட்டு வந்தாப் போதுமா? மங்கில நிக்கிற பால யாருடா எடுக்கிறது?"

இரண்டாம் சுற்றுக்குக் கைப்பேசியில் மின்சாரம் இல்லை. தரவு கிடைக்கவில்லை.