கோப்பு காக்கும் கோயம்புத்தூர்காரர்

ஸ்டுட்கார்ட் சுற்றுவட்டாரத்து மெஷின் கம்பெனிகளில் டிசைன் போட ஒருவர், விற்க ஒருவர், இந்த இருவரையும் நம்பாமல் இருக்க ஒருவர் என்று மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். மூன்றாமவர்தான் நம் ஆள். கார்டில் பதவி ஒரு முழ நீளத்துக்கு இருக்கும். நாம் சுருக்கமாக 'டெக்னிக்கல் ஃபைல்காரர்' என்று வைத்துக்கொள்வோம். பீளமேட்டில் படித்து, பம்ப் கம்பெனியில் கை கறுத்து, ஜெர்மனிக்கு வந்து காகிதத்தில் கை வெளுத்தவர்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்து முடித்த பிறகே அது மிக்ஸியா, பொம்மைக் காரா என்று கவனிப்பார். சிஇ முத்திரை 5 மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். நாலரை என்று வந்துவிட்டால் அன்றைய காபி அவருக்கு இறங்காது.

பலரும் நினைப்பதுபோல, அந்த முத்திரையை யாரோ அதிகாரி வந்து குத்திக் கொடுப்பதில்லை. பெரும்பாலான மெஷின்களுக்குத் தயாரிப்பாளரே 'இது விதிப்படி செய்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானே ஒட்டிக்கொள்ளலாம். ஜெர்மனியின் ஜிஎஸ் முத்திரை வேறு சங்கதி. விருப்பப்பட்டவர்கள் டியூவ் மாதிரி அமைப்பிடம் சோதனைக்குக் கொடுத்து வாங்குவது அது. சிஇ விஷயத்தில் தானே சொல்லித் தானே ஒட்டியதால், நாளைக்கு யாருடைய விரலாவது போனால் சாட்சி சொல்ல ஃபைல் ஒன்றுதான் இருக்கிறது. வரைபடம், கணக்கு, சோதனை அறிக்கை, மின்சுற்றுப் படம், ரிஸ்க் அசெஸ்மென்ட் எல்லாம் அதில்தான். அந்த ஃபைலைத் தொகுத்துத் தரும் பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் மெஷினோடு போகும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பாவின் 2006ஆம் ஆண்டு மெஷின் விதி. அப்படி நம்மவர் பெயர் போலந்து, ஸ்பெயின் என்று ஊர் ஊராகப் போகிறது. ஊரில் அம்மாவுக்குத்தான் குழப்பம். "மெஷினைச் செஞ்சவன் பேரு இல்ல, வித்தவன் பேரு இல்ல, உம் பேரு எதுக்குக் கண்ணு?" கேஸ் வந்தால் தேடுவதற்குத்தான் என்று அவர் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஃபைலைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். எப்போதிலிருந்து என்பதில்தான் சூட்சுமம்: அந்த மாடலின் கடைசி மெஷினைச் செய்து முடித்த நாளிலிருந்து. பழைய மாடல் ஒன்றுக்கு ஒருவழியாக விடை கொடுக்கலாம் என்று அவர் நிம்மதியாக இருக்கும்போதுதான், சேல்ஸ்காரர் சிரித்துக்கொண்டே வந்து "அதே மாதிரி இன்னும் ஒண்ணு ஆர்டர் வந்திருக்கு" என்பார். பத்து வருடம் மறுபடி ஒன்றிலிருந்து. அலமாரி நிரம்பினால் அவருக்கு வருத்தமில்லை. நெம்புகோல் வைத்த கெட்டி ஃபைலை 1896இல் லூயிஸ் லைட்ஸ் கொண்டுவந்தது இதே ஸ்டுட்கார்ட்டில்தான் என்பார், ஏதோ தாய்மாமன் சாதனைபோல.

புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர் சொல்லும் தலபுராணம் ஒன்று உண்டு. 1865இல் மான்ஹைம் பீர் ஆலையில் கொதிகலன் வெடித்தது. மறு வருடமே முதலாளிகள் கூடிக் கொதிகலன்களைச் சோதிக்கச் சங்கம் அமைத்தார்கள். அதன் வழிவந்ததுதான் இன்றைய டியூவ். கதையை முடிக்கும்போது பையனின் மேஜைக்கடியில் தொங்கும் எக்ஸ்டென்ஷன் வயரைப் பார்ப்பார். பையன் பயந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவான்.

விதியில் அவருக்கு மிகப் பிடித்த பகுதி, ஒரு பொருளை ஜனங்கள் எப்படியெல்லாம் தப்பாக உபயோகிப்பார்கள் என்பதைத் தயாரிப்பாளரே முன்கூட்டி யோசிக்க வேண்டும் என்பது. சம்பளம் வாங்கிக்கொண்டு அசட்டுத்தனங்களைக் கற்பனை செய்யும் வேலை உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்? சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் கற்பனை நிற்பதில்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் குத்துவிளக்கு, பட்டுப் புடவை, நைலான் திரை மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். ஆபத்தை முதலில் டிசைனிலேயே ஒழி, முடியாவிட்டால் தடுப்பு வை, அதற்கும் பிறகுதான் எச்சரிக்கை என்பது அவருடைய வேதம். விளக்கை நகர்த்தச் சொன்னார், வாஸ்து இடித்தது. கயிறு கட்டச் சொன்னார், போட்டோவுக்கு மறைத்தது. கடைசியில் விழா முடியும்வரை விளக்குப் பக்கத்தில் எச்சரிக்கையாக அவரே நின்றார்.

வீட்டுக்கு மாமனார் கிரைண்டர் அனுப்பினார். புவிசார் குறியீடு பெற்ற அசல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். அரிசி ஊறிக் காத்திருக்க, இவர் கிரைண்டரைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, மாவு ஆட்டோணும், ஒத்துங்க" என்றார் மனைவி. "பொறு. வீட்டு உபயோகம்னா இது மெஷின் விதியில வராது, லோ வோல்டேஜ் விதியில வரும்." "எதுல வந்தாலும் நாளைக்கு இட்லி வரோணுமுங்க." எர்த் சோதித்து, பிளக் மாற்றி, மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே சுவிட்ச். மாவு நன்றாகவே வந்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இந்த ஃபைல்களைக் கேட்கும் உரிமை டூபிங்கனில் இருக்கும் அரசு அலுவலகத்துக்கு உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று தினமும் வீடு பெருக்கி வைப்பதுபோல, அந்தக் கடிதத்துக்காக ஃபைல்களைத் தயாராக வைத்திருக்கிறார். கடிதம் வரவில்லை. வராததுதான் வேலை ஒழுங்காக நடப்பதற்கு அத்தாட்சி என்று மேலதிகாரி சொல்கிறார். ஒரே ஒரு தடவையாவது யாராவது பிரித்துப் படித்தால் என்ன என்பது இவர் ஆதங்கம். நியாயமான ஆதங்கம்தான். விரல் போகாத ஊரில் அவரை யார் பாராட்டப் போகிறார்கள்?

2027 ஜனவரி 20 முதல் ஐரோப்பாவில் மெஷின்களுக்குப் புதிய சட்டம். உபயோகக் கையேட்டை டிஜிட்டலாகவே கொடுக்கலாம் என்கிறது. வாங்குபவர் அப்போதே கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாக அச்சிட்டுத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த வரியை மஞ்சள் மையில் கோடிழுத்துவிட்டு, கெட்டி ஃபைல் இரண்டு பெட்டி ஆர்டர் போட்டிருக்கிறார்.