செவலைக்குப் போட்ட ஊசி

கோழிச்சீக்கு எங்கள் பக்கத்தில் வெயிலோடு வரும். மாசி பிறந்துவிட்டால் அப்பாயி விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். எச்சம் வெளுத்து நீர்த்துக் கிடந்தால் முகம் மாறிவிடும். அன்றைக்கு ஒரு கோழி இறக்கையைத் தொங்கவிட்டுச் சொக்கி நிற்கும். மறுநாள் நாலு. அந்த வாரம் முடிவதற்குள் தெருவில் கூவுவதற்குச் சேவல் இருக்காது.

சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் வைத்து அரைத்து உருட்டி, அலகைப் பிளந்து ஊட்டுவாள். மாரியம்மன் கோயில் திருநீறு பூசுவாள். தப்பாது என்று தெரிந்தவற்றை, சைக்கிளில் கூடை கட்டி வரும் யாவாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கூடையோடு சீக்கும் அடுத்த ஊருக்குப் போகும். செத்தவற்றை ஏரிக்கரையில் எறிவார்கள், நாய்கள் இழுத்துக்கொண்டு ஊருக்குள்ளேயே வரும். இவ்வளவு சாவுக்கும் ஒருவர்கூட யாரையும் குறை சொன்னதில்லை. இந்த வருசம் கோழி ராசி இல்லை என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் ஊர் செந்துறை அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. எங்கள் தெருவுக்குப் பெயர் தெரியாத அந்தச் சீக்கு உலகத்துக்கு நன்றாகத் தெரிந்ததுதான். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டார்கள், அடுத்த ஆண்டே இமயமலையில் உள்ள ராணிக்கேத்தில் கண்டார்கள். 1940களில் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் அந்த வைரசைக் கோழி முட்டையின் கருவிலேயே திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியத்தைத் தணித்து, தடுப்பூசி செய்தார்கள். இன்றும் வளர்ந்த கோழிக்குப் போடும் ஆர்2பி அதுதான். ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே மருந்து இருந்தது, எங்கள் தெருவில் கோழி செத்துக்கொண்டிருந்தது. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். காரணம் தெரியாமல் இல்லை. உயிருள்ள வைரஸ் வெயில் பட்டால் செத்துவிடும், வழியெல்லாம் ஐஸ் வேண்டும். ஒரு குப்பி நூறு, இருநூறு கோழிக்கானது. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வீட்டுக்கு ஐந்தாறு கோழி மேய்கிற தெருவில் அந்தக் குப்பியை யார் திறப்பார்கள்?

இப்போது திறக்கிறார்கள். தை, மாசியில் கோழிக் கழிச்சல் எனப்படும் இந்தச் சீக்குக்கு முகாம் போடுகிறார்கள், ஐஸ் பெட்டியோடு வருகிறார்கள், காசு வாங்குவதில்லை. ஊரும் மாறிவிட்டது. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வந்த பிறகு யாரும் கோழியைத் தெருவில் விடுவதில்லை. அம்மாவின் கோழிகளும் கொல்லை வேலியைத் தாண்டுவதில்லை.

அவற்றில் ஒன்றுதான் செவலை. அப்பா போன பிறகு அம்மாவுக்கு வீட்டில் பேச்சுத் துணை அது. மல்லாட்டை உரிக்க உட்கார்ந்தால் முறத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், மற்ற கோழிகளை அண்டவிடாது. கட்டிலுக்கடியில் வைக்கோல் கூடையில்தான் முட்டையிடும். நான் போன் செய்தால் பாதிப் பேச்சு செவலையைப் பற்றித்தான்.

முகாமில் எல்லாக் கோழிக்கும் இறக்கைக்கடியில் தோலைப் பிடித்து ஊசி போட்டார்கள். ஒரு வாரம் போலானது. செவலை முட்டையிடுவதை நிறுத்தியது. பிறகு ஒரு கால் இழுத்தது, அடுத்து இரண்டு காலும் மடங்கிவிட்டன, கழுத்து ஒரு பக்கமாகத் திருகியது. அம்மா அதைப் பழைய புடவைமேல் படுக்கவைத்து, புண் வராமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிட்டாள். கேழ்வரகுக் கூழைச் சொட்டுச் சொட்டாக அலகில் விட்டாள். இரவில் எழுந்து எழுந்து பார்த்தாள். செவலை தேறவில்லை.

உடலை வேறு ஊரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் நானே எடுத்துப்போனேன். குடலைக் கீறியதும் வெள்ளை வெள்ளையாக உருளைப்புழுக்கள் கொத்தாக வெளியே வந்தன. ஆர்2பி கொஞ்சம் முரட்டு மருந்து என்று அவர் விளக்கினார். அந்த வைரஸ் சில நாள் உடலுக்குள் பெருகித்தான் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். திடமான கோழி தாங்கிக்கொள்ளும். புழுவோ ரத்தக்கழிச்சலோ உள்ளே இருந்தால் தாங்காது, நரம்பைத் தாக்கிவிடும், கால் விழும். அதனால்தான் ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். முட்டையிடுகிற கோழிக்கும், அடைக்கோழிக்கும், இளைத்த கோழிக்கும் யோசித்துத்தான் போட வேண்டும். முன்பு ஏரி, வயல் என்று மேய்ந்த கோழிக்கு இவ்வளவு புழு சேர்ந்திருக்காது. லாரிக்குப் பயந்து கொல்லைக்குள் அடைத்தோம். தான் போட்ட எச்சத்தையே அது வருசமெல்லாம் கிளறிக் கிளறித் தின்றது.

ஊரில் இரண்டு பேச்சு எழுந்தது. ஊசிதான் கொன்றது, இனி ஒருத்தரும் போடாதீங்க என்றது தெரு. ஊசியால் ஒன்றும் ஆகாது, கோழிக்கு வேறு ஏதோ சீக்கு என்றது மறுபக்கம். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஊசி போட்ட பிறகு கோழி விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்தவளிடம் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னால், அடுத்த வருசம் அவள் நாம் சொல்கிற எதையும் கேட்க மாட்டாள். ஒன்றிரண்டு கோழிக்கு இப்படி ஆகலாம், இன்ன கோழிக்கு ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்வது மருந்தின் பாதி. அதைச் சொல்லாமல் ஊசியை மட்டும் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

பங்குனியில் சீக்கு வந்தது. ஊசி போடாத வீடுகளில் கோழிகள் சுருண்டு விழுந்தன. அம்மாவின் மற்ற கோழிகள் ஒன்றுகூடச் சொக்கவில்லை. “பாருங்கம்மா, ஊசி காப்பாத்திடுச்சு” என்றேன். “காப்பாத்துச்சு, தம்பி. என் செவலைய காப்பாத்தலையே” என்றாள். அதற்குமேல் நான் பேசவில்லை. அவள் சொன்னதும் உண்மைதான்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், ஊசியே இல்லாமல் தீவனத்தைப் போலக் கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், வெயிலையும் ஓரளவு தாங்கும். கொல்லையில் கோழி வளர்க்கும் பெண்களுக்கென்றே செய்ததுபோல இருக்கிற மருந்து. செந்துறையைப் போன்ற ஊர்களின் ஒவ்வொரு தெருவுக்கும் அது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அடுத்த தையில் முகாம் என்று சொன்னதுமே அம்மா குடற்புழு மருந்து வாங்கிவரச் சொன்னாள். தண்ணீரில் கலந்து, மற்றத் தண்ணீரையெல்லாம் கவிழ்த்துவிட்டு, காலையில் அதை மட்டும் வைத்தாள். முகாம் அன்று கூடையில் இரண்டு கோழி குறைந்தது. எல்லாத்தையும் கொண்டாங்க ஆயா என்றார் ஊசி போட வந்த பையன்.

“ஒண்ணு அடையில இருக்கு. இன்னொண்ணு எளச்சுக் கெடக்கு. அது ரெண்டும் இன்னிக்கு வேண்டாம். எந்த மருந்து, எத்தன நாளைக்கப்புறம் போடலாம்னு இதுல எழுதிக் குடு” என்று என் மகனின் பழைய நோட்டை நீட்டினாள். பையன் ஐஸ் பெட்டியை மூடிவைத்துவிட்டு எழுதிக் கொடுத்தார். பின்னால் நின்ற பெண்களும் தங்கள் கோழிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள்.