பந்தயத்துக்கு முந்தைய சுளுக்கு: காவிரிப் படுகை ஓட்டக்காரர்களின் அச்சக் காப்பீடு குறித்து ஓர் ஆய்வு

பொங்கல் விளையாட்டு விழாவில் மைக் செட் அலற, சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி எட்டுப் பேர் வந்து நிற்கும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் எங்கும் ஒரு கொள்ளைநோய் பரவுகிறது. எட்டில் ஒருவருக்குக்கூட முழுதாக ஒரு கால் இருப்பதில்லை. ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொருவர், “காய்ச்சல் விட்டு ரெண்டு நாள்தான் ஆவுது, மாமா” என்று வேலியோரம் நிற்பவரிடம் முறையிடுகிறார். மூன்றாமவர் நேற்று நெல் மூட்டை தூக்கியதில் இடுப்பு விட்டுப்போனதை யாரும் கேட்காமலே அறிவிக்கிறார். விசில் ஊதியதும் நோய் மொத்தமும் மறைந்துவிடுகிறது; பதினைந்து நொடி கழித்து ஏழு பேரிடம் மட்டும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வருகிறது. எவர்சில்வர் குடத்தை வாங்கப் போகிறவர் ஒருவரே பூரண குணம் அடைகிறார். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தோன்றி, தரவரிசையைப் பார்த்துக் குணமாகும் இந்த நோயை மருத்துவ உலகம் இதுவரை கவனிக்காமல் விட்டது வியப்புக்குரியது. முன்சுளுக்கு என்று இதற்குப் பெயரிட்டு, இதன் பயனை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

ஊரின் வழக்கமான விளக்கம் ஒன்று உண்டு: பயந்தாங்கொள்ளி, சாக்குச் சொல்கிறான். இந்த விளக்கத்தில் பாதி சரி. பயம் என்பது மறுக்க முடியாதது, அதற்கு உடற்கூற்றுச் சான்றும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வால்டர் கேனன் என்பவர் பூனைகளுக்குப் பிஸ்மத் கலந்த தீனி கொடுத்து, எக்ஸ்ரே வழியே இரைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் இரைப்பையின் அசைவு நின்றது. அமைதியானதும் மறுபடி தொடங்கியது. ஓட்டத்துக்கு முன் வயிற்றைக் கலக்குவதும், மூன்றாம் முறையாகப் புதர்ப் பக்கம் போய்வரத் தோன்றுவதும் ஆளின் கோழைத்தனம் அல்ல, பாலூட்டிகளின் பொதுச்சொத்து என்பதற்கு அந்தப் பூனைகளே சாட்சி. 1915இல் கேனன் வெளியிட்ட நூலின் தலைப்பில் வலி, பசி, பயம், சினம் நான்கும் வரிசையாக இருக்கின்றன. காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிவந்து, உச்சிவெயிலில் ஹீட்ஸ் ஓடவிடும் குறுவட்டத் தடகளப் போட்டியை ஒரு முறையும் பார்க்காமல் அவர் அந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்தது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.

சாக்கு என்ற மறு பாதியில்தான் பிழை இருக்கிறது. தோற்றபின் சொல்வது சாக்கு. ஓடுவதற்கு முன் சொல்வது காப்பீடு. டெல்டாக்காரருக்கு இந்த வேறுபாட்டை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது; சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு கெடு முடியும் முன் பதிந்தாக வேண்டும். வயலில் வெள்ளம் ஏறிய பிறகு போய் நின்றால் யாரும் காகிதத்தை வாங்க மாட்டார்கள். சுளுக்குக்கும் இதே விதிதான். நான்காவதாக வந்து விழுந்த பிறகு காலைப் பிடித்துக்கொண்டால் தெருப் பிள்ளைகள்கூட நம்புவதில்லை. விசிலுக்கு முன்பே வேலியோர மாமாவிடம் பதிந்து வைத்தவரின் கோரிக்கைக்கோ மறுபேச்சு கிடையாது. “பாவம், அவன் முன்னாடியே சொன்னான்ல” என்று மாமாவே சான்றளிக்கிறார். கட்டும் பிரீமியம் கொஞ்சம் கேலி. கிடைக்கும் இழப்பீடு முழு மானம். பயிர்க் காப்பீட்டைவிட இது மேலான திட்டம் என்றுகூடச் சொல்லலாம். அங்கே விளைச்சல் நன்றாக இருந்தால் கட்டிய பணம் போனதுதான். இங்கே ஜெயித்துவிட்டால், “சுளுக்கோடயே ஓடி ஜெயிச்சுட்டாம்பா” என்று புகழ் இரட்டிப்பாகிறது.

மேலை உளவியலாளர்கள் இந்த உண்மையை 1978இல்தான் எட்டிப் பிடித்தார்கள். ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்டு ஜோன்ஸ் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலருக்கு விடை காணவே முடியாத புதிர்கள். ஆனாலும் எல்லோரிடமும் பிரமாதமாகச் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: ஒன்று மூளையைக் கூர்மையாக்குவது, மற்றது மந்தமாக்குவது. தான் எப்படி ஜெயித்தோம் என்றே தெரியாத மாணவர்கள், அதிலும் குறிப்பாக ஆண்கள், மந்த மருந்தின் பக்கம் சாய்ந்தார்கள். தோற்றால் மருந்தின் தலையில் போடலாம். பட்டுக்கோட்டைப் பக்கத்து இளவட்டம் ஒருவர் மருந்துச் செலவே இல்லாமல் கெண்டைக்காலை வைத்துச் சாதிப்பதைத்தான் இவர்கள் ஆய்வகத்தில் நிகழ்த்திக் காட்டினார்கள்.

இனி நுட்பமான பகுதிக்கு வருவோம். ஓட்டக்காரரைப் பிடிக்கும் பயம் ஒன்றல்ல, இரண்டு: வலிக்குமே என்ற பயம், தோற்றுவிடுவோமே என்ற பயம். தூரம் மாறினால் இவற்றின் பங்கும் மாறும். நூறு மீட்டரில் வலிப்பதற்கு நேரமே இல்லை. அங்கே இருப்பது முழுக்கத் தோல்விப் பயம், ஆகவே முன்சுளுக்கு அறிவிப்புகள் அங்கேதான் அடர்த்தியாக விளைகின்றன. நானூறு மீட்டரில் கடைசி வளைவைத் தாண்டியதும் தொடை இரும்பாகிவிடுகிறது. அங்கே இரண்டு பயமும் சரிபாதி. மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டிய பத்தாயிரம் மீட்டரில் யாரும் சுளுக்கைப் பற்றிப் பேசுவதில்லை. “முடிச்சா போதும்ண்ணே” என்பதே அங்குள்ள ஒரே அறிவிப்பு. காரணம் எளிது. பொய்ச் சுளுக்கைக் காட்டித் தோல்வியின் அவமானத்தைக் குறைக்கலாம், மெய்யான வலியைக் குறைக்க முடியாது. அப்படியானால் வலிப் பயத்துக்குக் காப்பீடே இல்லையா? இருக்கிறது, அதை ஓட்டக்காரர் எடுப்பதில்லை, அவர் உடம்பே எடுத்துவிடுகிறது. 2010இல் சாமுவேல் மார்கோரா, தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து, ரக்பி ஆட்டக்காரர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்தார். இனி ஒரு மிதியும் முடியாது என்று அவர்கள் கைவிட்ட மறுகணமே, ஐந்து நொடி மட்டும் முழு வேகத்தில் மிதிக்கச் சொன்னார். முடியாது என்று நிறுத்திய அளவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் கால்களிலிருந்து வந்தது. அதாவது, “முடியல” என்று உடம்பு சொல்லும்போது இன்னும் நிறைய மிச்சம் வைத்துக்கொண்டுதான் சொல்கிறது. ஓட்டக்காரர் மாமாவிடம் சுளுக்கைப் பதிவதுபோல, உடம்பு தன் வலியை ஓட்டக்காரரிடம் முன்கூட்டியே பதிந்துவைக்கிறது. வலிப் பயமும் தோல்விப் பயமும் ஒரே வழக்கத்தின் இரண்டு கிளைகள் என்பதே இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு.

சாம்பியன்கள் சுளுக்குச் சொல்வதில்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, காப்பீடு எடுக்காதவர்களுக்கு நேர்ந்ததைத்தான் பார்க்க வேண்டும். புதுக்கோட்டைக்காரர் கோவிந்தன் லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். (புதுக்கோட்டை டெல்டாவா என்று ஆட்சேபிப்போருக்கு: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்கான 2020ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மாவட்டத்தின் சில ஒன்றியங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது, ஆகவே எனக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.) அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பத்தாயிரம் மீட்டரை மூன்றாவதாக முடித்தார். வெண்கலம் என்று நாடு கொண்டாடத் தொடங்கியதும், ஓடும்போது ஒரு கால் தடத்தின் உள்விளிம்பைத் தாண்டிவிட்டது என்று தகுதிநீக்கம் செய்தார்கள். வலியைத் தாங்கி, தோல்வியையும் தாண்டி வந்தபிறகு வந்த இடி அது. எந்தச் சுளுக்கும் அதற்குப் பொறுப்பேற்காது. பிறகு மத்திய விளையாட்டு அமைச்சகம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. காப்பீடு இல்லாதவருக்கு அரசு நிவாரணம் வந்த அரிய நிகழ்வு இது. பொங்கல் விழா ஓட்டக்காரர் யாரும் இதை நம்பி இறங்க முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 1984இல் பி.டி. உஷா ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டார். லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டில் நானூறு மீட்டர் வெண்கலம் வாங்கியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரும் ஓடிய தொடர் ஓட்ட அணி 3 நிமிடம் 0.25 நொடியில் ஆசியச் சாதனை படைத்தது, ஆனால் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆசியாவிலேயே யாரும் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடியும் வெளியேற நேரும் என்றால், பயப்படுவதை அறிவின்மை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: காப்பீடு எடுத்தவர் சோம்பிவிடுவார். 1984இல் ஒரு பல்கலைக்கழக நீச்சல் அணியைக் கவனித்த ஆய்வாளர்கள், முக்கியமான போட்டி நெருங்கும்போது மற்றவர்கள் பயிற்சியைக் கூட்டியதையும், இயல்பிலேயே முன்சாக்குத் தேடும் குணமுள்ளவர்கள் கூட்டாமல் இருந்ததையும் கண்டார்கள். இதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அங்கே நடந்தது வேறு. சுளுக்கை வாயால் சொல்வது காப்பீடு. பயிற்சிக்கே போகாமல் இருப்பது, இழப்பீட்டுக்காகத் தன் வயலைத் தானே முழுகவிடுவது. முன்னதை அனுமதித்து, பின்னதைத் தண்டிக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் இரண்டையும் சேர்த்து ஒரே பிரம்பால் தீர்க்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் அறிவியல் துணை இருப்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்: எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து 1908இல் யெர்க்ஸும் டாட்சனும் செய்த ஆய்வில், கடினமான வேலைக்கு மிதமான அதிர்ச்சியே பலன் தந்தது, எளிய வேலைக்கோ அதிர்ச்சி கூடக்கூட எலி விரைவாகக் கற்றது. நேராக ஓடுவது எளிய வேலை என்று பி.டி. சார் வாதிடலாம். எட்டாம் வகுப்புப் பையன் எலி இல்லை என்பது மட்டுமே என் பதில், அது போதும் என்று நினைக்கிறேன். பயத்தை அடக்காமல் ‘எனக்கு உற்சாகமா இருக்கு’ என்று மாற்றிச் சொன்னவர்கள் நன்றாகப் பாடியதாக 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் கண்டிருக்கிறார். நம் ஊர்த் தெருவில் அதை உரக்கச் சொன்னால் என்ன கேலி கிளம்பும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நம் நிலத்துக்குச் சுளுக்கே ஏற்ற ரகம்.

ஆகவே உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஊர் விளையாட்டு விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டியில் பதக்க மேசைக்குப் பக்கத்தில் ஒரு சுளுக்குப் பதிவேடு வையுங்கள். விசிலுக்குப் பத்து நிமிடம் முன்னால் பதிவை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதை, எவ்வளவு நொண்டினாலும், ஏற்காதீர்கள். பயிற்சிக்கு வராதவர் பெயரை எழுதாதீர்கள். எழுதியவர் எல்லோரையும் ஓடவிடுங்கள், கடைசியாக வருபவர் கோட்டைத் தாண்டும்வரை மைக்கை அணைக்காதீர்கள். சான்றுக் கையெழுத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போக வேண்டாம். அவருக்கு அடங்கல் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, வேலியோர மாமா போதும்.