வாங்குத துட்டுக்குப் பின் நம்பர் எதுக்கு மருமகனே?

வா மருமகனே, திண்ணையில உக்காரு. சென்னையில கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லிக் கொடுக்குத வேலையாம்லா உனக்கு! பழைய கட்டிலை ஆன்லைன்ல விக்கப் போயி, கட்டில் வீட்டுலயே கெடக்க, கைத்துட்டு பன்னெண்டாயிரம் போச்சுன்னு உங்கம்மை சொல்லி அழுதா. நான் அழலை. அஞ்சாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். படிச்சவங்க காரியத்துல அழ எனக்கு என்ன தகுதி இருக்கு?

வாங்க வந்தவன் ராணுவத்துல இருக்கேன்னானாம். யூனிபாரம் போட்ட போட்டோவும் அனுப்புனானாம். விலையில ஒத்த ரூவா குறைச்சுக் கேக்கலையாம். அங்கனயே நீ முழிச்சிருக்கணும். எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குச் சனிக்கிழமை தவறாமப் போறவன் நான். பேரம் பேசாம வாங்குத மனுசனை அங்க பாத்தது கிடையாது. பல்லைப் பிடிச்சுப் பாப்பான், முதுகைத் தடவுவான், "இது சீக்காளி ஆடு"ம்பான், கோவிச்ச மாதிரி நாலு எட்டு போயிட்டுத் திரும்பி வருவான். அவந்தான் வாங்குதவன். கட்டிலைக் கண்ணாலயே பாக்காம சொன்ன விலைக்குச் சரிங்கான்னா, அவன் பல்லைப் பிடிச்சுப் பாத்தது உன்னைத்தான்.

பொறவு கியூஆர் ஒண்ணை அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், துட்டு உங்க கணக்குக்கு வந்துரும்"னானாம். நீயும் போட்ட. ஏடே, வாங்குததுக்கு எதுக்கு பின் நம்பர்? பின் போட்டா துட்டு வெளிய போகும். மிஞ்சிப் போனா இருப்பு எவ்வளவுன்னு காட்டும். வேற சோலி அதுக்குக் கிடையாது. உனக்குத் துட்டு வரணும்னா நீ ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். சும்மா உக்காந்திருந்தா வரும். சும்மா இருக்கத்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலையே!

முன்ன இன்னொரு வழி இருந்துச்சு. துட்டு கேட்டு ஒரு கோரிக்கை அனுப்புவான். வரவுன்னு நெனச்சு நம்மாளு பின்னைப் போட்டுருவான். ஒருத்தருக்கொருத்தர் அப்பிடிக் கேட்டு அனுப்புத வசதியையே 2025 அக்டோபர் 1லேர்ந்து நிறுத்திட்டாங்க. திருடன் வழியை அடைச்சுட்டோம்னு நிறுத்துனவங்க நிம்மதியா உக்காந்திருக்காங்க. அடுத்த வழியத்தான் நீங்க ஸ்கேன் பண்ணித் தொறந்து விடுதியளே.

பின் நம்பர்னதும் ஞாபகம் வருது. சந்தையில தரகர் விலை பேசுததைப் பாத்திருக்கியா? துண்டைப் போட்டு ரெண்டு பேர் கையையும் மூடி, உள்ள விரலைப் பிடிச்சே விலை முடியும். ஒட்டி நிக்கவனுக்குக் கூட ஆயிரமா ரெண்டாயிரமான்னு தெரியாது. நீ டீக்கடையில நின்னு வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே ஒவ்வொரு எண்ணா அழுத்துத. மாஸ்டருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அதுவும் என்ன நம்பர்? பிறந்த வருசம். அந்த ரகசியம் தெரியாத ஆளு இந்த ஊர்ல யாரு இருக்கா? பேரு வச்சதே நாந்தான். சாயங்காலத்துக்குள்ள மாத்து; ஆறு எண் வைக்க வழி இருந்தா ஆறே வை.

போன்லயே துட்டு அனுப்புத இந்த யூபிஐ வந்தது 2016ல. அதே வருசம் நவம்பர் 8 ராத்திரி, ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னாங்க. பேங்க் வாசல்ல வெயில்ல நின்ன கூட்டத்தை நீ அப்பம் டிவியில பாத்திருப்ப. பொறவு பைய பைய பூக்காரி தட்டுலயும் கியூஆர் அட்டை வந்துட்டு. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் கிடையாது. சந்தையில மடியில கட்டுன துட்டை பஸ்ல பறிகொடுத்தவன் எத்தனை பேரு! ஆடு வித்த துட்டு நேரா கணக்குக்குப் போறது நல்ல காரியம்தான். ஸ்மார்ட் போன் இல்லாதவனுக்கும் 2022ல 123பேன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. பட்டன் போன்லயே கூப்பிட்டு, அது சொல்லச் சொல்ல எண்ணை அழுத்தி அனுப்பலாம். அந்தப் போன்ல வாட்ஸப்பு கிடையாதுங்கதுதான் அதுல பெரிய பாதுகாப்பு.

வாட்ஸப்புன்னா என்னன்னு கேளு. கல்யாணப் பத்திரிகைன்னு ஒண்ணு வருதாம், பேரு கடைசியில ஏபிகேன்னு முடியுமாம். தொட்டா ஏதோ ஆப் உள்ள இறங்கி, உன் போனுக்கு வருத ஓடிபியெல்லாம் அவன் படிப்பானாம். பத்திரிகைன்னா மூலையில மஞ்சள் தடவி, வெத்தலை பாக்கோட வீடு தேடி வரணும். வீட்டுக்கு வராதவன் கல்யாணத்துக்கு நாம எதுக்கு மொய் எழுதணும்? இன்னொருத்தன், "இன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் கட், உடனே இந்த நம்பருக்குப் பேசு"ன்னு மெசேஜ் விடுதான். கரண்ட் என்னைக்குடே நம்மகிட்ட மணி சொல்லிட்டுப் போச்சு? மூணாவது ஒருத்தன் வீடியோவுல போலீஸ் தொப்பியோட வந்து, "டிஜிட்டல் அரெஸ்ட், ரூமை விட்டு நகரக் கூடாது"ங்கான். நம்ம நாட்டுச் சட்டத்துல அப்பிடி ஒரு கைதே கிடையாது. போனை அமத்துனா அந்த ஜெயில் இடிஞ்சு போகும்.

ராணுவத்துக்காரன், பத்திரிகைக்காரன், தொப்பிக்காரன், எல்லாவனும் கேக்குதது ஒண்ணுதான்: வெரசா பண்ணு. யோசிக்க நேரம் கொடுத்தா அவன் பொழப்பு போச்சு. அதனால எவன் உன்னை அவசரப்படுத்துதானோ அவன்கிட்ட, "எங்க மாமாவைக் கேட்டுச் சொல்லுதேன்"னு சொல்லு. கேக்க வேண்டாம். சொன்னாப் போதும், போனை அவனே வச்சுருவான்.

கடையில துட்டு கொடுக்கும்போது ஒரு நிமிசம் பேரைப் படி. 2025 ஜூன் கடைசியிலேர்ந்து, அனுப்புததுக்கு முன்ன பேங்குல பதிஞ்ச பேரைத்தான் ஆப்பு காட்டணும்னு ஆக்கியிருக்காங்க. என்னை நீ போன்ல என்ன பட்டப் பேருல வச்சிருக்கியோ தெரியாது, பேங்க் என் நிசப் பேரைத்தான் சொல்லும். ராத்திரியோட ராத்திரியா கடை அட்டை மேல தன் ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போற களவாணியும் இருக்கான். வேற பேரு வந்தா, "அண்ணாச்சி, இந்தப் பேருல வருதே, யாரு?"ன்னு கேளு. சம்சாரம் பேரா இருக்கும், மவன் பேரா இருக்கும். இல்லைன்னா அண்ணாச்சி உனக்கு ஒரு டீ ஓசியில தருவாரு. புது ஆளுக்குப் பெரிய தொகைன்னா முதல்ல ஒரு ரூவா அனுப்பி, "வந்துச்சா"ன்னு கேட்டுட்டு மிச்சத்தை அனுப்பு. இதுல கவுரவக் குறைச்சல் ஒண்ணும் கிடையாது.

விக்கும்போது நேர் எதிரு. வாங்குனவன் தன் போன்ல பச்சை டிக்கைக் காட்டி, "அனுப்பிட்டேன் பெருசு"ம்பான். அது சினிமா. அந்த மாதிரிப் படம் காட்டுததுக்குன்னே போலி ஆப்பு இருக்கு. வரவைச் சத்தமாச் சொல்லுத பெட்டி வச்சிருந்தா அது வாய் தொறந்து தொகையைச் சொல்லணும். இல்லைன்னா உன் ஆப்புல உன் கணக்குல வரவு ஏறியிருக்கணும். அதுவரைக்கும் ஆட்டுக் கயிறு உன் கையிலதான்.

சில நேரம் இங்க துட்டு கழிஞ்சிரும், அங்க சேராது. உடனே கூகிள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடாத. அங்க ஒரு நல்ல மனுசன் உனக்காகவே நம்பர் போட்டு வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருப்பான். எனி டெஸ்க்னு ஒண்ணை இறக்கச் சொல்லி உன் போனை அவன் வீட்டுல இருந்தே பாப்பான். ஆப்புக்குள்ளயே புகார் எழுது, இல்லைன்னா பாஸ்புக்குல உள்ள பேங்க் நம்பருக்குப் பேசு. ஆளுக்கு அனுப்புனது சேராட்டி மறுநாளுக்குள்ள, கடைக்கு அனுப்புனதுன்னா அஞ்சு நாளுக்குள்ள தானாத் திரும்பணும். தப்புனா நாளுக்கு நூறு ரூவா பேங்க் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி 2019லயே விதி போட்டிருக்கு. அதுக்குள்ள நீ நிமிசத்துக்கு ஒருக்கா இருப்பைத் தட்டிப் பாத்துக்கிட்டு இருக்காத. ஒரு ஆப்புல நாளுக்கு அம்பது தடவைதான்னு அதுக்கும் வரம்பு வச்சுட்டாங்க. பாக்கப் பாக்க துட்டு என்ன குட்டியா போடும்?

இன்னொண்ணு. சம்பளம் விழுத கணக்கை இந்த ஆப்போட முடிச்சுப் போட்டு வச்சிருக்கியே, அதை அவுத்துரு. சின்னக் கணக்கு ஒண்ணு தொறந்து, மாசச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதுல போட்டு வை. டீக்கும் பஸ்ஸுக்கும் யூபிஐ லைட் இருக்கு. ஐயாயிரம் வரைக்கும் போட்டுக்கலாம், ஒரு தடவைக்கு ஆயிரம் வரைக்கும் பின் இல்லாமலே போகும். போன் களவு போனாலும் அந்தளவோட போச்சு.

இதெல்லாம் இருக்கட்டும். துட்டு போன பொறவு நீ என்ன பண்ணுன? ரெண்டு நாள் வெக்கப்பட்ட. அதுலதான் எனக்கு உம்மேல கோவம். பின்னை நீயே போட்டுக் கொடுத்தா, பேங்குல சொல்லுத வரைக்கும் போனதெல்லாம் உன் தலையில. சொன்ன பொறவு போனா பேங்க் தலையில. 2017லயே இந்த விதி இருக்கு. போன துட்டு அவன் கணக்குலேர்ந்து அடுத்த கணக்குக்குத் தாவுததுக்குள்ள மடக்கணும்னா சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அப்பவே அடிக்கணும். அந்த நம்பரை இப்பமே என் முன்னால சேவ் பண்ணு. என்ன பேரு போடன்னு முழிக்காத. மாமான்னே போட்டுக்க.