மூன்றாம் பந்தி

போடிநாயக்கனூரில் ஏலத்தை ஏலம் விடுவார்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், நாக்குக் குழறிவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்பார்கள். செடியில் காய்ப்பது ஒரு ஏலம். ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து விலை கேட்பது இன்னொரு ஏலம். இரண்டுக்கும் நடுவே கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். கால்பந்து எனக்குக் கல்யாணத்தோடு சீராக வந்தது. மச்சினன் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறையில் குடியிருக்கிறான். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும்போது 'அவங்க' என்று சொல்ல மாட்டான், 'நாம' என்பான். தோற்றால் மட்டும் 'அவனுங்க'.

நான் சென்னையின் எஃப்.சி. கட்சி. போடியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். கொச்சி அதில் பாதிகூட வராது. இருந்தாலும் மாநிலப் பற்று என்று ஒன்று இருக்கிறதே. 2015-இலும் 2018-இலும் நாங்கள் கோப்பை வாங்கினோம். பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என்று மூன்று தடவை இறுதிப்போட்டி வரை போய் மூன்றிலும் தோற்றது. இந்த விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டில் பல தீபாவளிகளை ஓட்டியிருக்கிறேன்.

2023-இல் அந்த வண்டி ஓடவில்லை. ஐ.எஸ்.எல். போட்டியில் 11 அணிகள், சென்னை எட்டாவது. பிளே-ஆஃப் என்பது கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. முதல் இரண்டு இடம் பிடித்த மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் நேரே அரையிறுதியில் இலை போட்டாயிற்று. மூன்று முதல் ஆறு வரை வந்தவர்கள் தங்களுக்குள் முட்டி மோதி, ஜெயித்தவர் உட்காரலாம். எட்டாவதாக வந்தவர் வெளியே செருப்புக்குக் காவல்.

மார்ச் 3, வெள்ளிக்கிழமை. பாக்கி வசூலுக்காக மலை ஏறியிருந்தேன். 17 கொண்டை ஊசி வளைவுகளும் போடிமெட்டுச் செக்போஸ்ட்டும் தாண்டிப் போய்க் கேட்டால், "அடுத்த வாரம் பார்க்கலாம் அண்ணே" என்ற பதில் போடியில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகக் கிடைக்கும். பொழுது சாய்ந்ததும் இறங்கியிருக்க வேண்டியவன். மச்சினன் விடவில்லை. காரணம் பாசமல்ல, அரிக்கொம்பன். பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையை அரிசிக்காகப் பலமுறை இடித்த காட்டு யானை. மயக்க ஊசி போட்டுப் பிடிக்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். ராத்திரியில் அந்தப் பக்கம் பைக் எடுப்பவன் ஒன்று துணிந்தவன், இல்லை வெளியூர்க்காரன்.

ஏழரை மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். மச்சினன் மஞ்சள் சட்டையில். என் மாமியார், அதாவது அத்தை, மறுநாள் பலகாரத்துக்கு ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து வீடுகளில் எட்டு மில்லிமீட்டர் உருண்டைக் காயைக் கண்ணில்கூடப் பார்க்க முடியாது, அதெல்லாம் விற்பனைக்கு. வெடித்த காயும் பொடிக் காயும்தான் பாயசத்துக்கு.

பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். பிளே-ஆஃபில் பெங்களூருவும் பிளாஸ்டர்ஸும். 90 நிமிடமும் இரண்டு பேரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரம் தொடங்கி 96-ஆவது நிமிடம், பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரளாவின் கோல்கீப்பர் பிரப்சுகன் கில் சுவர் அமைப்பதற்காக ஆட்களை இடம் வலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். கொத்தனார் மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் குடிவந்த மாதிரி, சுனில் சேத்ரி பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டுவிட்டுக் கொண்டாடப் போய்விட்டார். நடுவர் கோல் என்றார்.

பூப்பாறை வீட்டில் சில விநாடி சத்தமே இல்லை. ஏலக்காய் உரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சுவரே கட்டலையே!" என்று மச்சினன் கத்தினான்.

"சுவர் இருந்தா மட்டும்?" என்றார் அத்தை. "ரேஷன் கடைக்குச் சுவர் இருந்துச்சே."

விதி என்னவோ எளிமையானதுதான். எதிரணி பத்து கஜம் தள்ளி நிற்கட்டும் என்று கேட்காவிட்டால், ஃப்ரீ கிக்கைச் சட்டென்று உதைத்துவிடலாம். விசில் வரும் வரை பொறு என்று நடுவர் சொல்லியிருந்தால்தான் பொறுக்க வேண்டும். சொன்னாரா இல்லையா என்பதுதான் சண்டை. நான் என் தொழில் அனுபவத்தை எடுத்து வைத்தேன். "மாப்ள, ஏல மையத்துல ஒருத்தன் கண்ணாடியைத் தொடைச்சுட்டுப் போடுறதுக்குள்ள லாட் கைமாறிரும். நான் ரெடியாகலை, இன்னொரு தடவை விடுங்கன்னு கேட்டா விடுவாங்களா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த தீபாவளி தெரிந்தது.

அப்போதுதான் அது நடந்தது. பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச், செர்பியாக்காரர், மலையாளிகள் 'ஆசான்' என்று கூப்பிடுகிறவர், மைதானத்தை நோக்கிக் கையை ஆட்டி, வெளியே வாருங்கள் என்றார். மொத்த அணியும் வெளியேறியது.

"எங்க போறாங்க, சாப்பிடவா?" என்றார் அத்தை.

"கோவிச்சுக்கிட்டுப் போறாங்கம்மா."

"யாரு கூப்பிடப் போயிருக்கா?"

அந்தக் கேள்விக்கு டி.வி.யில் பதில் இல்லை. பெங்களூரு ஆட்டக்காரர்கள் மட்டும் மணவறையில் தனியாக உட்கார வைக்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரி மைதானத்தில் நின்றார்கள். சுமார் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு, பெங்களூரு 1–0 என்று அறிவித்தார்கள். அத்தை உரித்த தோலை முறத்தில் சேர்த்தபடி, "கோவிச்சுக்கிட்டுப் போறவன் தெருமுனையைத் தாண்டக் கூடாதுப்பா. தாண்டினா கூப்பிட வர்றவனுக்குக் கால் வலிக்கும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பல வருஷத்துக்கு முன்னால், அக்கா மகனின் காதுகுத்து. குலதெய்வக் கோயில் தோப்பில் கிடா வெட்டு. அழைப்பிதழில் தாய்மாமன் என்று முதலில் என் பெயர் வர வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் பெயரைப் போட்டு, என்னை இரண்டாவதாக இறக்கியிருந்தார்கள். அச்சகத்துத் தவறு என்றார் அத்தான். அச்சகத்துக்கு என் குடும்ப வரிசை எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு வெளியேறினேன். என் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துகிறார்கள், பார்ப்போம் என்பது என் கணக்கு. பஸ் நிறுத்தம் ஒரு கிலோமீட்டர். அதை நான் முக்கால் மணி நேரம் நடந்தேன். இரண்டு இடத்தில் செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது. ஒரு புளியமரத்தடியில் நின்று வரப்போகாத ஒரு போன் காலுக்குப் பதில் சொன்னேன். பின்னால் ஒரு சைக்கிள் மணி கேட்டது. இதோ வந்துவிட்டார்கள் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். கோன் ஐஸ்காரர்.

திரும்பி வந்தபோது சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்தி முடித்திருந்தார்கள். மாற்று ஆட்டக்காரரை எப்போதும் தயாராக வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தேன். குழம்பு இருந்தது. கறி இருந்ததற்கான அடையாளமும் இருந்தது.

அதனால் ஆசானைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்குமான நடை அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகான் 2–0 என்று ஒடிசாவை அனுப்பிவைத்தது. ஒடிசா அணியில் நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் இருந்ததால் நான் அரைமனதாக ஒடிசா பக்கம் உட்கார்ந்திருந்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, எனவே சுவாரசியமும் இல்லை. அதே நாளில் சந்தோஷ் டிராபி இறுதிப்போட்டி சவூதி அரேபியாவின் ரியாத்தில். கர்நாடகம் 3–2 என்று மேகாலயத்தை வென்றது; மைசூர் மாநிலம் என்ற பெயரில் ஜெயித்த பிறகு 54 வருஷம் கழித்து. இந்திய மாநிலங்கள் இரண்டு மோத எதற்கு ரியாத் என்று ஊரில் பலர் வியந்தார்கள். எங்கள் மலையில் யாரும் வியக்கவில்லை. நல்ல காய் எல்லாம் அரபுக்காரர்களின் காவா காப்பிக்குப் போய் எத்தனை வருஷம் ஆயிற்று!

ஞாயிற்றுக்கிழமை போடிக்கு இறங்கினேன். அக்கா மகன், அதே காதுகுத்துப் பிள்ளை, இப்போது கல்லூரி அணியில் இடது பக்கம் ஆடுகிறான். கல்லூரிகளுக்கு இடையே நாக்-அவுட். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஸ்டேடியம் இருக்கிறது. 1,07,601 பேர் உட்காரலாம். அங்கே கையால் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர், அது வேறு விஷயம். 2011 கணக்கெடுப்புப்படி எங்கள் ஊர் ஜனத்தொகை சுமார் 75 ஆயிரம். போடியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்தாலும் மிச்ச இடத்துக்கு ஆள் தேட வேண்டும். இங்கே மொத்தம் நாற்பது பேர் இருந்தோம். எல்லைக் கோட்டைத் தின்ன வந்து, சுண்ணாம்பு என்று தெரிந்ததும் திரும்பிப் போன ஆடு ஒன்று தனி.

ஒரு கோல் போஸ்ட்டுக்கு வலை கிடையாது. இன்னொன்றுக்கு ஏலத்தோட்டத்தில் நிழலுக்குக் கட்டும் பச்சை வலையைக் கட்டியிருந்தார்கள். பழைய வலை. பக்கவாட்டில் ஒரு ஆள் தலையை விடும் அளவுக்குக் கிழிசல். இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போய், அந்தக் கிழிசல் வழியாக உள்ளே நுழைந்து, நல்ல பிள்ளையாகக் கோலுக்குள் உட்கார்ந்துகொண்டது. நடுவர் தூரத்திலிருந்தார். பந்து உள்ளே இருப்பதைப் பார்த்தார். விசில் ஊதினார்.

எங்கள் அணிக் கேப்டன் சாந்தன்பாறைப் பக்கத்துப் பையன், வெள்ளிக்கிழமை ஆட்டத்தை முழுசாகப் பார்த்தவன். கையை ஆட்டினான், அச்சு அசலாக ஆசான் மாதிரி. "வெளிய வாங்கடா!" பதினோரு பேரும் தலை நிமிர்ந்து நடந்தார்கள். என் அக்கா மகன் நடையில் கொஞ்சம் என் நடை இருந்தது. குனிந்து ஷூ லேஸைக்கூடச் சரிசெய்தான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பி.டி. சார் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "போறவங்க அப்படியே வீட்டுக்குப் போயிரலாம்ப்பா. புரோட்டா ஆடுறவங்களுக்கு மட்டும்தான்."

கோல்கீப்பர்தான் முதலில் நின்றான். பிறகு பின்வரிசை. கேப்டன் மட்டும் இன்னும் நாலடி நடந்து, தனியாக நடக்கிறோம் என்று தெரிந்ததும், தண்ணீர் குடிக்க வந்தவன் போலப் பாட்டிலைத் தேடினான். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும். கிழிசலைச் சணல் போட்டுக் கட்டிவிட்டு ஆட்டம் தொடர்ந்தது. பதிலுக்கு ஒரு கோல் போட்டார்கள், பெனால்டி வரை இழுத்தார்கள், தோற்றார்கள். அக்கா மகன் அடித்த பெனால்டி பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் போனது. அதைத் தேடி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது.

புரோட்டாக் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சால்னாவை ஊற்றிப் பிய்த்துக்கொண்டே, "வெளிய போறப்போ நீங்க வந்து கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன் மாமா" என்றான்.

அரிக்கொம்பனைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். ஏப்ரல் 29 அன்று பிடித்து, பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கம்பம் தெருவில் வந்து நின்றான். அந்த வருஷம் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு ஒப்பந்தத் தொகை இல்லாமல் வந்த பெரிய ஆட்டக்காரர் அவன்தான்.

மார்ச் கடைசியில் தீர்ப்பு வந்தது. பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் 6 கோடி. ஆசானுக்கு 5 லட்சம், பத்து ஆட்டத்துக்குத் தடை. மச்சினன் போன் செய்தான். எங்கள் பக்கத்தில் எந்தத் தொகையையும் காயாக மாற்றினால்தான் வலி தெரியும்.

"கிலோ ஆயிரம்னு வச்சாலும் 40 டன் மச்சான்!"

"2019 ஆகஸ்ட்ல புற்றடி ஏலத்துல 7,000 வரைக்கும் போச்சே, அந்த விலைக்குப் பாரு. ஆறு டன்கூட வராது" என்று ஆறுதல் சொன்னேன். வியாபாரிக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். ஒரு மன்னிப்பு 2 கோடி, அதாவது 20 டன். மச்சினன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்குக் காதுகுத்துல நீங்க போட்டுட்டுப் போனதுக்கு என்ன மச்சான் அபராதம் ஆச்சு?" என்று கேட்டான்.

"ரெண்டு நல்லி, ஈரல் மொத்தமும்" என்றேன்.