டீலர் தரும் காபியைக் குடிப்பதற்கு முன்

கலிபோர்னியாவில் குடியிருக்கிறீர்கள். கணினி வேலை, வீட்டுக் கடனில் பாதி அடைத்தாயிற்று. ஒரு பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்குவதுதான் பாக்கி, அதையும் வாங்கிவிட்டீர்கள். புது டொயோட்டா கேம்ரி விலையில் பாதிகூட ஆகவில்லை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கு சரிதான். ஆனால் 1997இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அந்தக் காரின் விலை சுமார் 40,000 டாலர். கார் விலை இறங்கி வந்துவிட்டது. ரிப்பேர் செலவோ அந்த 40,000 டாலர் மிடுக்கை விடாமல் மேலேயே நிற்கிறது. கார் கிழடாகலாம், பில் என்றும் பதினாறு.

இந்த நிலையில் டீலரைச் சமாளிக்கச் சில யோசனைகள்.

முதல் வேலை, காரைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பது. இதில் கம்பெனியே உங்களுக்கு ஒத்தாசை செய்திருக்கிறது. பாக்ஸ்டரின் எஞ்சினைக் கண்ணால் பார்க்க முடியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா ஆசையாக முன்மூடியைத் திறப்பார். பெட்டி வைக்கும் இடம். பின்மூடியைத் திறப்பார், அங்கேயும் பெட்டி வைக்கும் இடம். "இஞ்சினை எங்கப்பா வச்சிருக்கான்?" என்பார். இருக்கைக்குப் பின்னால், தட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். எண்ணெய் ஊற்ற ஒரு வாய், கூலன்ட் ஊற்ற ஒரு வாய், இரண்டும் பின்டிக்கியில் இருக்கின்றன. சொந்தக்காரருக்கு அதற்கு மேல் அங்கே வேலை இல்லை என்பது போர்ஷேயின் கருத்து.

அடுத்து, வண்டியின் வருடம். இதில் கொஞ்சம் நின்று நிதானமாகத் தவறு செய்ய வேண்டும். அந்தத் தலைமுறை பாக்ஸ்டரிலும், போர்ஷேயின் இன்னொரு காரான 911இன் சாதாரண மாடல்களிலும், கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்டுகளுக்குக் கொண்டுபோக ஒரு இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பால் பேரிங். அமெரிக்கப் போர்ஷேக்காரர்கள் ஐ.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவது இந்தப் பேரிங்கை நினைத்துத்தான். கிரீஸ் அடைத்து சீல் வைத்த பேரிங் அது. நாளாக ஆக சீல் கெட்டு, உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவிப்போகும். குண்டுகள் தேயும், ஒருநாள் உடையும். உடைந்தால் தண்டு தள்ளாடி, கேம் ஷாஃப்டின் நேரம் தவறி, வால்வும் பிஸ்டனும் சந்திக்கக் கூடாத இடத்தில் சந்தித்துக்கொள்ளும். எஞ்சின் காலி. அதே காலத்து 911 டர்போவிலும் ஜி.டி.3இலும் பந்தயக் கார்களின் வழிவந்த வேறு எஞ்சின். அதன் இடைத்தண்டு எண்ணெய் அழுத்தத்தில் சுழலும் சாதா பேரிங்கில் உட்கார்ந்திருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. தொல்லை இல்லாததற்கும் சேர்த்துத்தான் அவற்றின் விலை.

இதற்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து 2013இல் சமரசம் ஆனது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான வண்டிகளுக்கு அது பொருந்தும். அவற்றில் 8 முதல் 10 சதவீதம் வண்டிகளில் பேரிங் போகலாம் என்று வழக்கில் பேசப்பட்டது. அதற்கு முன்பு வந்த இரட்டை வரிசைப் பேரிங்கில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டாதாம். நஷ்டஈட்டுக்கான வரம்பு 10 ஆண்டு அல்லது 1,30,000 மைல். ஆகவே உங்கள் வண்டி அந்தத் தேதிகளுக்குள் பிறந்ததாக இருந்தால் பேரிங் உண்டு, நஷ்டஈடு கிடையாது.

பேரிங் உடைவதற்கு முன்பே மாற்றிவிடலாமே என்று புத்தியுள்ளவர் கேட்பார். கேட்கலாம். ஆனால் போர்ஷே அந்தப் பேரிங்கைத் தனி உதிரி பாகமாக விற்கவில்லை. கம்பெனி முறைப்படி அதற்கு மருந்து, புது எஞ்சின். அந்தப் புது எஞ்சினின் விலையில் உங்கள் காரைப் போல இன்னொன்று வாங்கி, அதற்கும் ரிப்பேர் பார்க்கலாம். டீலர் அல்லாத தனி மெக்கானிக்குகள்தான் பழைய பேரிங்கை உருவியெடுத்து, செராமிக் குண்டு வைத்த பேரிங்கைப் பொருத்தும் வழியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பேரிங்கை எட்ட கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, ஃப்ளைவீலையும் எடுக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மவர்கள் சொன்னது இந்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் இருக்க வேண்டும்.

இப்போது டீலரிடம் போகலாம். பயம் வேண்டாம், வரவேற்பு பிரமாதமாக இருக்கும். தோல் சோபா, காபி இயந்திரம், கண்ணாடிக்கு அப்பால் புது 911. உங்கள் வண்டி உள்ளே போனதும் ஓட்டிப்போக இன்னொரு வண்டி தருவார்கள், அநேகமாக இந்த வருடத்து மாடல். அது இலவசம் என்று எண்ணுபவருக்கு எங்களால் உதவ முடியாது. மாலையில் சர்வீஸ் அட்வைசர் போன் செய்வார். மிக மரியாதையாகப் பேசுவார். பல டீலர்களிடம் அவருக்குச் சம்பளத்தோடு கமிஷனும் உண்டு என்பதைக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டிய பரிசோதனைத் தாள் ஒன்றை அனுப்புவார். சிவப்பு என்றால் உடனே செய்ய வேண்டியது. மஞ்சள் என்றால் சிவப்பாவதற்கு முன் செய்ய வேண்டியது. பச்சையைப் பற்றி அவர் பேச மாட்டார், நீங்களும் கேட்காதீர்கள்.

எஸ்டிமேட் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வது வழக்கம். பிடித்துக்கொண்டபடியே மேலே உள்ள வரிகளையும் படியுங்கள். கலிபோர்னியா டீலர்கள் பலரிடம் லேபர் மணிக்கு 200 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த மணி சுவர்க் கடிகாரத்து மணியும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி என்று புத்தகத்தில் இருக்கிறது. கைதேர்ந்த மெக்கானிக் பாதி நேரத்தில் முடித்தாலும் புத்தக மணிக்குத்தான் கூலி. அதிலே தப்பில்லை, தடுமாறுகிற மெக்கானிக்குக்கும் அதே மணிதானே. தப்பு வேறிடத்தில் நுழையும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதன் பின்னால் எண்ணெய் கசியும் சீலை மாற்றவும் இறக்க வேண்டும். பேரிங்குக்கும் அப்படியே. மூன்றையும் தனித்தனி வரியாகப் போட்டால், ஒருமுறை இறங்கிய கியர்பாக்ஸ் காகிதத்தில் மூன்று முறை இறங்கும். "மூணு தடவையா இறக்குவீங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு மொத்தத் தொகையில் தெரியும் மாற்றம் நம் ஊர் ஆடித் தள்ளுபடியில்கூடக் கிடைக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. "எப்படியும் இறக்கியாச்சே சார், இதையும் பார்த்துடலாம்" என்பது அட்வைசரின் மந்திரம். எப்படியும் பந்தல் போட்டாச்சு, தம்பி பையனுக்குக் காதுகுத்தையும் முடித்துவிடலாம் என்று கல்யாண வீட்டில் சொல்வார்களே, அந்தத் தர்க்கம். முதல் இரண்டு தடவை அவர் சொல்வது நியாயமாக இருக்கும். ஏழாவது தடவை, கியர்பாக்ஸுக்கும் வைப்பருக்கும் என்ன உறவு என்று விசாரியுங்கள்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொன்னால் தப்பில்லை. 1990களின் தொடக்கத்தில் போர்ஷே மூழ்கும் நிலையில் இருந்தது. வென்டெலின் வீடெகிங் தலைமைக்கு வந்து, டொயோட்டாவின் முறைகளில் ஊறிய ஜப்பானிய ஆலோசகர்களைத் தொழிற்சாலைக்குள் கூட்டிவந்தார். வீண்செலவு குறைந்தது. பாக்ஸ்டருக்கும் அடுத்து வந்த 911க்கும் முன்பாதியைப் பொதுவாக வைத்துக்கொண்டதும் அந்தச் சிக்கனம்தான். கம்பெனி பிழைத்தது, நல்லதுதான். டொயோட்டாவைப் பார்த்துத் தயாரித்த காருக்குப் போர்ஷே என்று பில் போடுவதில் இருக்கும் மேதைமையை மட்டும் யாரும் போதுமான அளவு பாராட்டவில்லை.

சிக்கனத்தின் மிச்சத்தைச் சாவி போடும் இடத்திலும் காணலாம். சாவியைத் திருப்பினால் ஏ.சி. ஒருநாள் வரும், ஒருநாள் வராது, வைப்பர் தன்னிஷ்டத்துக்கு நடக்கும். பெரும்பாலும் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் மின்சுவிட்ச் தேய்ந்திருக்கும். டீலர் பூட்டையே முழுதாக மாற்றச் சொல்லலாம். அந்தச் சுவிட்ச் அந்தக் காலத்து ஆடி, ஃபோக்ஸ்வேகன் கார்களிலும் இருக்கிறது. அந்தப் பெயரில் வாங்கினால் விலை சில்லறை. ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறையும்படி வெண்புகை வந்தால் எஞ்சின் போய்விட்டது என்று அழாதீர்கள். எண்ணெய் ஆவியைப் பிரிக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு சவ்வு கிழிந்திருக்கலாம். அதை எட்டுவது சிரமம், அதற்கும் கூலி உண்டு, ஆனால் அது எஞ்சின் இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை டீலருக்குச் சாதகமாகிவிடும். கலிபோர்னியாவில் எழுத்து மூல எஸ்டிமேட்டும் உங்கள் சம்மதமும் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. பில்லில் பாகத்தையும் கூலியையும் பிரித்துக் காட்ட வேண்டும். வேலை கொடுக்கும்போதே கேட்டுவைத்தால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். கட்டாயம் கேளுங்கள். உங்களுக்கு அவை எதற்கும் உதவா, மனைவி காரேஜில் வைக்கவும் விடமாட்டார். ஆனால் கேட்கும் ஆள் என்று பெயர் எடுத்துவிட்டால் மாற்றாத பாகம் பில்லில் ஏறுவது அபூர்வமாகிவிடும். வண்டி வாரண்டியில் இருக்கும் பாக்கியசாலிகளுக்கு ஒரு செய்தி: வெளியில் எண்ணெய் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று யாராவது மிரட்டினால், 1975ஆம் ஆண்டின் மேக்னசன் மாஸ் சட்டம் என்று உச்சரித்துப் பாருங்கள். வெளி வேலையால்தான் அந்தப் பழுது வந்தது என்று காட்டாமல் வாரண்டியை மறுக்க முடியாது. வாரண்டி முடிந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தால் 'குட்வில்' என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி மனமிரங்கி ஒரு பங்கைத் தானே ஏற்பது. அதற்குப் பழைய சர்வீஸ் பில்களும் இனிய குரலும் வேண்டும். கத்துபவர்களுக்குக் கிடைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

டீலரிடம் போகாமலே இருக்கும் வழிகளும் உண்டு, அவை இவ்வளவு சுவாரசியமாக இருக்காது. எட்டு லிட்டருக்கு மேல் எண்ணெய் குடிக்கும் எஞ்சின் அது. அதை அடிக்கடி மாற்றி, பழைய ஃபில்டரைப் பிரித்து உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பார்ப்பது. மழைக்கு முன் மடக்குக் கூரையின் வடிகால் ஓட்டைகளில் அடைத்த இலைச்சருகை எடுப்பது. எடுக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, தாழ்வான இடமாகப் பார்த்து, இருக்கைக்கு அடியில் தேங்கும். திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பெட்டியை போர்ஷே பொறியாளர்கள் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். அது நனைந்தபின் திருடனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது, உங்களாலும் முடியாது.

2001 மாடல் முதல் வந்த வண்டிகளில் முன்மூடி மின்சாரத்தில் திறக்கும். பாட்டரி முன்மூடிக்குள் இருக்கிறது. பாட்டரி செத்தால் மூடி திறக்காது, மூடி திறக்காமல் பாட்டரியைத் தொட முடியாது. இழுவை வண்டிக்குப் போன் செய்யுமுன் டிரைவர் காலடியில் கதவோரம் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் சிவப்பு முனையை வெளியே இழுங்கள். அதில் வேறு பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் மூடி திறக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் இது இருக்கிறது. கையேடு முன்டிக்கியில் இருந்தால் அது உங்கள் விதி.

எல்லாம் முடிந்து ஒருநாள் காரை விற்பீர்கள். அப்போது பில்கள்தான் சொத்து. ஒன்றையும் தூக்கிப் போடாமல் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கிவையுங்கள். போர்ஷே சந்தையில் கனத்த கோப்புக்குத் தனி மதிப்பு. வாங்க வருபவர் பெயின்டைப் பார்ப்பதற்கு முன்பே "ஐ.எம்.எஸ். மாத்தியாச்சா?" என்பார். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அவர் மற்றப் பக்கங்களையும் புரட்டி, போனில் கால்குலேட்டரைத் திறப்பது போலத் தெரிந்தால், சாவியை அவர் கையில் திணித்து, கூரையை மடக்கி, உடனே ஒரு ரவுண்டு ஓட்டிவரச் சொல்லிவிடுங்கள்.